வலப்பக்கக் கார் முதலில்

பைபிள் மேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் அமெரிக்கா முழுக்க விடலைப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகக் கார் ஓட்டும் போட்டி வைத்தார்கள். மினசோட்டாவில் வில்லோ பெண்ட் என்ற ஊரிலும் வைத்தார்கள். பதினாறு வயது வெர்னாவுக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. அப்பா ஆர்வில் கறாராகச் சொல்லிவிட்டார்: "கோப்பையோட வந்தா பிக்கப் வண்டிச் சாவி உனக்கு. வெறுங்கையோட வந்தா உன் தம்பிக்கு."

கடைசிச் சுற்று நாற்சந்தியில். வெர்னாவும் மூன்று பையன்களும் நான்கு திசையிலிருந்தும் ஒரே நொடியில் வந்து நின்றார்கள். சட்டப்படி வலப்பக்கக் காருக்கே முதல் வழி. நால்வருக்கும் வலப்பக்கம் ஒரு கார் இருந்தது. நால்வரும் புன்னகையோடு கையசைத்து வழிவிட்டார்கள்.

"ஏய் வெர்னா, பொம்பளப் புள்ளைக்குத்தான் முதல் மரியாதை, போ!" என்றான் எதிரே நின்ற டேல்.

"மரியாதையா? என் மார்க்கைத் தின்னப் பாக்குறியா? நீ போடா பெரிய மனுஷா!"

நடுவராக இருந்த நாவிதர் ஹால்வர்சன் நால்வருக்கும் மதிப்பெண் குறித்துக்கொண்டார். நாகரிகத்துக்குத் தனி மதிப்பெண் உண்டே.

பொழுது சாய்ந்தது. ஊர்ப் பெண்கள் ஆப்பிள் பலகாரமும் காப்பியும் கார் ஜன்னல் வழியே நீட்டினார்கள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைச் சந்திக்கே மாற்றினார். பனி கொட்டியது, கார்க் கூரைகளை வழித்துவிட்டார்கள். சோளம் விளைந்தது, அறுத்தார்கள், மறுபடி விதைத்தார்கள். டேலுக்குக் காருக்குள்ளேயே நிச்சயதார்த்தம் நடந்தது. மோதிரத்தை ஜன்னல் வழியே பெண்ணின் விரலில் போட்டான். ஹாண்ட்பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பி தினமும் வந்து, "அக்கா, சாவிக்கு எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன்," என்று வெறுப்பேற்றிவிட்டுப் போவான்.

இருபது வயதானால் போட்டியில் இடமில்லை என்பது விதி. பையன்கள் மூவரும் அவளுக்கு மூத்தவர்கள். பிறந்தநாள் கேக்கை ஊதிவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியாக, மார்பு வரை தாடியோடு டேல் இறங்கினான். "நீ நல்லா இருப்பே. முழங்காலை நீட்ட மறந்துபோச்சு எனக்கு," என்றான்.

வெர்னா வலப்பக்கம் பார்த்தாள். யாருமில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டு, கைகாட்டி, மெல்லச் சந்தியைக் கடந்தாள். ஹால்வர்சன் கோப்பையை நீட்டினார், ஊரே அழுதது. ஆர்வில் சாவியைக் கையில் கொடுத்து, "அவசரப்படாம ஓட்டு, கண்ணு," என்றார்.

வில்லோ பெண்டில் இருப்பது ஒரே தெரு. அதைக் குறுக்கே வெட்டும் தெரு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.