மேயர் வீட்டுக்கு ஒரு முறைப்பாடு

1

இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டு ரிப்கா என்னிடம் ஒரு பொய் கேட்டு வந்தார், அங்கேதான் தொடங்கியது. (அவர் அதைப் பொய் என்று சொல்லவில்லை. "சின்னதா ஒரு முறைப்பாடு, டீச்சர்" என்றார். பொய் என்று பெயர் வைத்தது நான்.)

ரிப்காவின் கணவர் ஹபீல் எங்கள் நகரத்தின் மேயர். மேயராக இருந்தவர். நாளைக்குப் பிறகு என்னவாக இருப்பார் என்பது இந்தக் கதை எப்படி முடிகிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படித்தான்.

நகரத்தின் பெயரை எழுதப்போவதில்லை. கண்டியில் கடுகண்ணாவை பஸ் ஏறி, கொஞ்சம் கண்ணயர்ந்தால் தவறவிட்டுவிடக்கூடிய நகரம்.

[அடிக்குறிப்பு: சட்டப்படி அவர் நகரசபைத் தலைவர். மேயர் என்பது மாநகரசபைக்குத்தான். எங்கள் ஊரில் இதைச் சுட்டிக்காட்டிய ஒரே ஆள் நான். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை; இப்போது நானும் மேயர் என்றே எழுதுகிறேன்.]

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அன்று காலை வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக மேயர் ஹபீல்—"

வெட்டிவிட்டேன். அவர் வீட்டில் சாரமும் கட்டம்போட்ட சட்டையும்தான். கதையில் வருகிற அரசியல்வாதி என்றால் கை தானாக வெள்ளையை எழுதிவிடுகிறது.

இரண்டாவது: "அதிகாரம் என்பது மனிதனை—"

இதுவும் வேண்டாம். இப்படித் தொடங்குகிற கட்டுரைகளுக்கு நானே வகுப்பில் புள்ளி குறைத்திருக்கிறேன்.

நேராகவே சொல்கிறேன். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. இரண்டு வருடம் நாட்டில் அநேகமாக எந்த ஊருக்கும் மேயர் இல்லை. நகரசபைக் கந்தோரைச் செயலாளர் பார்த்துக்கொண்டார், ஹபீல் வீட்டுக்கு வந்தார். ரிப்காவின் வீட்டுக்கு என்று எழுதுவதுதான் சரி. அதுவரை அது ஊரின் வீடாக இருந்தது.

3

ஒரு மேயர் எதற்கு? (இது கட்டுரைப் பகுதி. அவசரக்காரர்கள் நான்காம் பகுதிக்குப் போகலாம்.)

செயலாளர் ஊரை நன்றாகவே நடத்தினார். குப்பை லொறி நேரத்துக்கு வந்தது. ஆனால் செயலாளரைத் திட்ட முடியாது. அவர் வேறு ஊர். பின்னேரமானால் பஸ் ஏறிவிடுவார். மேயர் என்பவர் நாங்கள் திட்டுவதற்காகவே எங்களோடு குடியிருக்கிற ஆள். ஹபீல் ஹாஜியாரைச் சந்தையில் மீன் வாங்கும்போது திட்டலாம். ஜனாஸாத் தொழுகையில் முன்வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பும்போது தோளைத் தொட்டு, கான் அடைத்துக்கொண்டு அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லலாம். எங்கள் தேவாலயத் திருவிழாவில் கொடியேற்றத்துக்கு வந்து நிற்பார், விகாரையின் பெரஹரா ஊர்வலத்துக்குத் தெரு கழுவ ஆள் அனுப்புவார். மருமகளோடு சண்டை, வேலி நகர்ந்துவிட்ட சண்டை, பாடசாலை விளையாட்டுப் போட்டியில் நடுவர் ஏமாற்றிவிட்ட சண்டை, எல்லாம் அவரிடம்தான் போகும். பாதிக்கு மேல் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டுக்கொள்வார். போனவர்கள் ஏதோ கிடைத்த மாதிரித் திரும்பி வருவார்கள்.

புதன்கிழமை மக்கள் தினம், கந்தோரில் யாரும் வந்து முறையிடலாம். அன்று கந்தோர் திறக்குமுன்பே வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். ரிப்கா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றுவார். "தன் வாழ்க்கையையே கோப்பை கோப்பையாக—" என்று ஒரு வாக்கியம் தொடங்கி விட்டுவிட்டேன். அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. அவர் சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர், இவரோட தனியா ஈந்து ஒரு கோப்ப குடிச்ச ஞாபகம் எனக்கில்ல."

[அடிக்குறிப்பு: அவர்கள் வீட்டுப் பேச்சில் 'இருந்து' என்பது 'ஈந்து', 'இருக்கு' என்பது 'ஈக்கி', 'சொல்லு' என்பது 'செல்லு'.]

4

சபை கலைந்த பிறகு அவர்கள் இருவரும் பின்னேரங்களில் கண்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். கண்டியில் ஹபீல் யாருக்கும் மேயர் இல்லை, ரிப்காவுக்கு வேண்டியிருந்ததும் அதுதான். வாவிக்கரையில் நடந்து, கடலை வாங்கி, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இருட்டுமுன் திரும்பி வருவார்கள். இரண்டு பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்த பெண் அந்தப் பின்னேரங்களை எனக்குச் சொல்லும்போது புது மணப்பெண் மாதிரி வெட்கப்பட்டார்.

(எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் கணவர் டோஹாவில் இருக்கிறார். ஏக்கம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் கதையில் நான் ரிப்காவின் பக்கம் சாய்ந்தால் அதற்கு இதுதான் காரணம்; வாசகர் கவனித்துக்கொள்ளவும்.)

ஹபீல்தான் மெல்ல மெல்ல வாடினார். தொடக்கத்தில் பழக்கதோஷத்தில் ஆட்கள் வந்தார்கள். பிறகு, இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நின்றுவிட்டார்கள். புதன்கிழமை காலையில் அவர் முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, முன்வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பதை என் குசினி யன்னலால் பார்த்திருக்கிறேன். பாண் ரொட்டி விற்கிறவரின் வண்டிச் சத்தம் கேட்டாலும் எழும்புவார்.

"வாவிக்கரையிலயும் ஒடஞ்ச கம்பி வேலியத்தான் பாக்கிறார், டீச்சர்" என்றார் ரிப்கா. "பக்கத்தில நான் ஈக்கிறன்."

5

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ரிப்கா என் குசினிக்கு வந்தார். இந்த உரையாடலில் நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"டீச்சர், நீங்க கத எழுதுற ஆள்தானே. ஒரு முறைப்பாடு செஞ்சு தாங்க."

"என்ன முறைப்பாடு?"

"என்னெண்டாலும் பரவால்ல. நாளைக்கு வந்து இவர்ட்ட செல்லுங்க. ஒத்தரும் வாறதில்ல. மனிசன் வாசலையே பாத்துக்கிட்டு ஈக்கிறார். எனக்குப் பாக்க ஏலா."

"ஆளுங்க வராம இருக்கணும்னு நீங்கதானே ஆசப்பட்டீங்க?"

"ஆசப்பட்டன்தான்." கையிலிருந்த கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பயும் ஆசதான். ஆனா அந்த முகத்தப் பாத்தா மனசு கேக்குதில்லயே."

மறுநாள் மழையில் குடையோடு போய் நின்றேன். தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள படிகளில் விளக்கு எரிவதில்லை என்றேன். ஒரு பெண் இருட்டில் சறுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். அவள் கையில் பாண் இருந்தது என்றும் சேர்த்தேன். கதைக்கு அது நன்றாக இருந்தது. எல்லாம் கற்பனை. பல மாதமாக நான் அந்தப் படிகள் பக்கமே போகவில்லை.

ஹபீல் முன்னால் குனிந்து கேட்டார். "எந்தப் படி டீச்சர்? மேலயா, கீழயா?"

இதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "நடுவில" என்றேன்.

உடனே எழும்பி டோர்ச்சும் குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் ரிப்கா என்னைப் பார்த்தார், நான் ரிப்காவைப் பார்த்தேன்.

மத்தியானம் நனைந்து போய்த் திரும்பி வந்தவரின் முகம் மலர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில், விளக்கு உண்மையிலேயே எரிவதில்லை. விழுந்த பெண்ணும் இருந்தார். பெயர் பெற்றீசியா, துணிக்கடையில் வேலை, கணுக்காலில் கட்டு.

"நான் யாருக்கும் சொல்லலையே ஐயா" என்று அந்தப் பெண் ஆச்சரியப்பட்டாராம். "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

[அடிக்குறிப்பு: எங்கள் மாதிரி நகரத்தில் ஒரு முறைப்பாட்டைக் கற்பனை செய்யவே முடியாது. நீங்கள் எதை நினைத்தாலும் அது எங்கேயோ ஏற்கெனவே உடைந்திருக்கும்.]

பதவியில்லாத மேயர், தெரிந்த மின்வேலைக்காரர் ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து, கந்தோரிலும் சொல்லி, அந்த விளக்கை எரிய வைத்தார். அடுத்த புதன்கிழமைக்கு ரிப்கா இன்னொரு முறைப்பாடு கேட்டார், கொடுத்தேன். ரொட்டிக்கடை அந்தோனி அண்ணன் அதை எடுத்துக்கொண்டு போய், "ஹாஜியார், நம்ம கட முன்னுக்கு மரம் சாஞ்சுகிட்டு நிக்குதுங்க" என்று நான் எழுதிக்கொடுத்ததைவிட நன்றாகவே நடித்தார். (போய்ப் பார்த்தால் மரம் சாய்ந்துதான் இருந்தது. அந்தோனி அண்ணனே பயந்துபோனார்.) பிறகு பெற்றீசியா, யாரும் அனுப்பாமல், அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு யார் நாங்கள் அனுப்பியவர், யார் தானாக வந்தவர் என்று எனக்கே கணக்குத் தப்பிவிட்டது. கண்டிப் பயணம் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றது. ரிப்கா மறுபடியும் பெரிய கேத்திலை எடுத்து அடுப்பில் வைத்தார்.

6

இந்த வருடம் மார்ச்சில் தேர்தல் அறிவித்தார்கள், நோன்பு மாதத்தில். (2025ஐத்தான் சொல்கிறேன். நீங்கள் வாசிக்கும் வருடம் வேறாக இருக்கலாம்.) கட்சி அமைப்பாளர் முனாப் ஹபீலைத் தேடி வந்தார். இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று வாவிக்கரையில் வைத்து ரிப்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தவர், முனாப்பிடம் சொன்னதை ரிப்கா உள்ளே நின்று கேட்டார். எனக்கு அதை அப்படியே திருப்பிச் சொன்னார்:

"விட்டுட்டன் எண்டுதான் நானும் நெனச்சன், முனாப். ஆனா பதவி போன மறுகாவும் ஆக்கள் வந்தாங்க. கதிரையத் தேடி இல்ல, என்னத் தேடி. முதல்ல டீச்சர்தான் வந்தாங்க, கொட்டுற மழையில. என்கிட்ட ஒண்டுமே இல்லாத நேரம் வந்த ஆக்களுக்கு, இப்ப ஏலாண்டு செல்லலாமா?"

இதை எழுதும்போது என் காது சுடுகிறது. அந்த மனிதருடைய நம்பிக்கையில் முதல் செங்கல் நான்.

ரிப்கா என் குசினியில் உட்காராமல் நின்றார். "ஒரு வசனம் செல்லிட்டாப் போதும், டீச்சர். 'அவங்கள நான்தான் அனுப்பினன்' எண்டு. நிக்க மாட்டார்."

"சொன்னா?"

"நிக்க மாட்டார். மறுகா ஒண்டுக்கும் எழும்பவும் மாட்டார்."

"சொல்லாட்டி?"

"எழும்பிப் போயிடுவார்." அழவில்லை. குரல் மட்டும் மெலிந்தது. "எனக்கு ரெண்டு வருஷம்தான் புருஷன் ஈந்தார், டீச்சர். அதுல பாதிய நானே ஊருக்குக் குடுத்திட்டன். மிச்சத்தையும் குடுக்க எனக்கு மனசில்ல. ஆனா எடுத்துக்கவும் பயமா ஈக்கி."

பிறகு இந்தக் கதையையே என் தலையில் கட்டிய வாக்கியத்தைச் சொன்னார்: "தொடக்கத்த நீங்கதானே செஞ்சு தந்தீங்க. முடிவையும் எழுதித் தாங்க. நான் அதப் போல செய்றன்."

7

எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. ரிப்கா சொல்லிவிடுகிறார். ஹபீல் கடகடவென்று சிரிக்கிறார்— இல்லை, சிரிக்க மாட்டார். மறுபடி எழுதினேன். கோப்பையைக் கீழே வைக்கிறார். "டீச்சருமா?" என்று மட்டும் கேட்கிறார். முனாப்பைத் திருப்பி அனுப்புகிறார். மறுபடியும் இருவரும் கண்டிக்குப் போகிறார்கள், கடலை வாங்குகிறார்கள். இப்போது அவர் உடைந்த வேலியைப் பார்ப்பதில்லை. எதையுமே பார்ப்பதில்லை. ரிப்கா ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, ஆனால்—

இதற்கு மேல் கை ஓடவில்லை.

முடிவு ஆ. ரிப்கா சொல்லவில்லை. ஹபீல் வெல்கிறார், பட்டாசு, மாலை. படிகளில் விளக்கு எரிகிறது, கான்கள் ஓடுகின்றன, திட்டுவதற்கு எங்களுக்கு ஒரு முகம் கிடைக்கிறது. ரிப்கா தேத்தண்ணீர் ஊற்றுகிறார். இதைச் சீக்கிரமாக எழுதி முடித்தேன், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஊருக்கு அவர் வேண்டும். எனக்கும் வேண்டும். என் லேனில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆகவே இந்த முடிவை எழுத எனக்கு உரிமை இல்லை.

முடிவு இ. அவருக்கு எல்லாம் தெரியும். "நான் யாருக்கும் சொல்லலையே" என்று பெற்றீசியா சொன்ன அன்றே புரிந்துவிட்டது. மனைவி தன்மேல் வைத்த பாசத்துக்காகத் தெரியாதவர் மாதிரி இருந்தார். இதை எழுதும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்து வாசித்தேன். யாருக்கும் ஒன்றும் நோகாத முடிவு. யாரும் எதையும் இழக்கவில்லை. ரிப்காவிடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "அப்ப நான் என்ன செய்ய, டீச்சர்?" என்று கேட்பார். அதற்கு இதில் பதில் இல்லை.

(தெரிந்திருந்தால் முனாப்பிடம் அப்படிப் பேசியிருப்பாரா? அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆனால் அரசியல்வாதிதானே. இதை வெட்டுவதா விடுவதா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.)

8

நாளை காலையில் முனாப் வேட்புமனுவில் கையொப்பம் வாங்க வருகிறார்.

சற்று முன்பு ரிப்கா எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தந்தார். மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தார், தொடவில்லை. "எழுதி முடிஞ்சா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல."

"பரவால்ல" என்றார். "ராவைக்கு நேரம் ஈக்கி."

இப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. யன்னலால் தெரிகிறது: முன்வாசலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில். நோன்பு திறக்கிற நேரத்தில் யாரும் வர மாட்டார்கள். ஒவ்வொருவரும் அவரவர் வீட்டில். ஹபீல் பேரீச்சம்பழத்தின் விதையை எடுத்துவிட்டுப் பழத்தை ரிப்காவின் தட்டில் வைக்கிறார். ஏதோ சொல்கிறார். ரிப்கா சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து என் யன்னலைப் பார்க்கிறார்.

அவர் சொல்ல வேண்டிய வசனம் எனக்குத் தெரியும், மூன்று சொல்தான். எழுத எனக்கு ஒரு நிமிடம் போதும். எழுதாமல் விடுவதற்கு அதுவும் தேவையில்லை. இரண்டும் என்னால் முடியவில்லை. ஆகவே உங்களிடம் தருகிறேன். எந்த முடிவை எழுதினாலும் அந்த வீட்டில் ஒருவர் தனித்துப்போவார். அது யார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். எனக்கு இரண்டு பேரும் பக்கத்து வீடு.