மூன்றாவது பல்

"தூக்கத்துல உங்கம்மா பல்லக் கடிப்பாங்களா?"

டாக்டர் லோயிஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தேன். எனக்குப் பதிலாக அம்மாவே சொன்னாள்.

"அதெல்லாம் இல்லீங்க. அவகிட்ட எதுக்குக் கேக்கறீங்க? வாயத் தொறந்தா முத்து உதுந்துரும் அவளுக்கு."

நடுவட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் ஊட்டிக்கு வந்திருந்தோம். அம்மாவுக்குத் தேயிலை எஸ்டேட்டில் ஒரு நாள் லீவு. இடது காதுக்கு முன்னால் வலி. போன வருடம் அதற்காக ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. பொங்கல் கழித்துப் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார்கள். அப்போதும் பல்தான் போனது. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் வாய் வலித்தால் பல்தான் காரணம், பல்லென்றால் பிடுங்குவதுதான் வைத்தியம். அம்மா மூன்றாவது பல்லைக் கொடுக்க வந்திருந்தாள்.

டாக்டர் அம்மாவின் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். 'டக்' என்றது. எனக்கே கேட்டது. வாய்க்குள் இரண்டு விரல்தான் நுழைந்தது.

"மூணு விரல் போகணும். ராஜகுமாரி, பல்லுல ஒண்ணுமில்ல, எக்ஸ்ரே நல்லா இருக்கு. நோகுறது தாடை மூட்டு. முழங்கால் மாதிரி இதுவும் ஒரு மூட்டுதான். உள்ள மெத்தை மாதிரி ஒரு வில்லை இருக்கு, அது நழுவுறப்ப இந்தச் சத்தம் வருது. எந்நேரமும் பல்லக் கடிச்சுட்டே இருந்தா இப்படி ஆகலாம்."

"நான் எங்கீங்க கடிக்கறேன்? சோத்தையே முழுங்கத்தான் செய்யறேன். புடுங்கிருங்க, நாளைக்கு வேலைக்குப் போகோணும்."

"நல்ல பல்ல நான் புடுங்க மாட்டேன்."

"அப்ப முன்ன புடுங்குனவருகிட்டயே போறேன்."

அம்மா நாற்காலியிலிருந்து காலைக் கீழே போட்டாள். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அசதிதான். அங்கே போனால் கேட்ட உடனே பிடுங்கிவிடுவார்கள். அதுவும் நல்ல பல். என் காது சுட்டது.

"கடிப்பாங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "ராத்திரி நறநறன்னு கடிப்பாங்க. பகல்லயும்தான்."

"பகல்ல எப்படி?"

"மழைக்குத் தலையில பிளாஸ்டிக் ஷீட்டுப் போடுவாங்க. காத்துல பறக்காம இருக்க அதோட நுனியக் கடிச்சுப் புடிச்சுக்குவாங்க. வேலை விடற வரைக்கும்."

"பின்ன? ரெண்டு கையும் கத்தரியில இருக்குது. காலுலயா புடிக்கறது?" என்றாள் அம்மா. "எங்க டிவிசன்ல வனிதா, இசக்கி, எல்லாரும் அப்படித்தானுங்க. கொழுந்து வெட்டறது கையி, குடை புடிக்கறது பல்லு."

டாக்டர் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள். வலித்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஷீட்டுக்கு ஒரு நாடா தச்சுக் கட்டிக்குங்க. கொஞ்ச நாளைக்குக் கஞ்சி, களின்னு மெதுவானதாச் சாப்பிடுங்க. வெந்நீர்த் துணியில ஒத்தடம் குடுங்க. உதடு மூடியிருந்தாலும் பல்லு பல்லத் தொடக்கூடாது. ராத்திரி பல்லுல மாட்டிக்கத் தகடு ஒண்ணு செஞ்சு தர்றேன். நெறையப் பேருக்கு இதுலயே வலி கொறஞ்சுடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ராத்திரிக் கடி எப்பருந்தும்மா?"

"ரெண்டு வருசமா. நான் பத்தாவதுல ஸ்கூல நிறுத்துனதுலருந்து."

இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததை இவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி நாற்காலியில் மறுபடியும் சாய்ந்துகொண்டாள்.

"அளவு எடுத்துக்குங்க," என்றாள் டாக்டரிடம்.

டாக்டர் மாவு போல ஏதோ குழைத்து, ஒரு வளைந்த தட்டில் நிரப்பி அம்மாவின் வாய்க்குள் அழுத்தினார். அம்மாவின் கண்ணோரம் நனைந்து காதுப் பக்கம் இறங்கியது. வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லையென்று அம்மா கையை ஆட்டினாள்.

தட்டை எடுத்ததும் வாய் கொப்பளித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். டாக்டர் நீட்டிய சீட்டை நான் வாங்கிக்கொண்டிருக்கும்போதே, என் முகத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.