ஏற்றத்தில் மூன்று சதவீதம்

"சத்தமா நாலு வார்த்தை பேச வராது உனக்கு, நீ பஸ் ஓட்டப் போறியா?" என்று அக்கா புருஷன் ஒருநாள் அவளிடம் கேட்டார்.

"நான் ஓட்டப்போற பஸ்ஸும் சத்தம் போடாது மாமா" என்று அவள் சொன்னதும் வீடே சிரித்தது.

இப்போது அவள் மின்சாரப் பேருந்தின் ஓட்டுநர். இருபது வருடம் டீசல் வண்டியில் காலம் தள்ளிய மாமா, நேற்று முதல் அதில் நடத்துநர்.

இன்று வெள்ளோட்டத்தின் கடைசி நாள். மேட்டுச் சாலையில் வண்டி தேறினால் இன்னும் பத்து வண்டிகள் வரும். வழியிலுள்ள பள்ளிக்கூட வாசலில் டீசல் புகை ஓயும். தேறாவிட்டால் இந்த ஒன்றும் திரும்பிப் போகும். அவள் வேலையும் கூடவே போகும்.

மதிய இடைவேளை முடிந்து வந்து திரையைப் பார்த்தாள். பேட்டரியில் எழுபது இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு சதவீதம்.

"மாமா, சார்ஜரைக் கழட்டினது யாரு?"

"நான்தான். சாவிய எங்கிட்டதானே குடுத்துட்டுப் போன? வண்டிய ஆன் பண்ணி, ஏசியும் போட்டு, ஒரு மணி நேரமா ஓடவிட்டு வச்சிருக்கேன். கிளப்புறதுக்கு முன்னாடி எஞ்சின் சூடாக வேணாமா?"

"இது என்ன குளிக்கிற வெந்நீரா மாமா, சூடு பண்ணி வைக்க?"

அதற்குள் சோதனை அதிகாரி ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்துவிட்டார். இனி சார்ஜ் போட நேரமில்லை.

பயணிகள் ஏறியதும் ஏசியை அணைத்தாள். பிரேக்கைத் தொடாமல், மிதியைப் பூப்போல அழுத்தி ஓட்டினாள். ஏற்றத்தின் பாதியில் மூன்று சதவீதம். வண்டி தானாகவே ஆமை வேகத்துக்கு இறங்கியது.

"எல்லாரும் கொஞ்சம் இறங்கி நடங்க, உச்சியில ஏத்திக்கிறேன்."

"டிக்கெட் எடுத்ததே நடக்கிறதுக்குத்தானா?" என்று கேட்டபடி ஒரு பெரியம்மா இறங்கினார். "தள்ளணும்னா சொல்லு, அதுக்குத் தனிக்கூலி!"

அதிகாரியின் பேனா ஓடியது. உச்சியில் ஒரு சதவீதம். பயணிகளை ஏற்றிக்கொண்டு அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். இறக்கத்தில் சக்கரங்களே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க, இரண்டு, மூன்று, நான்கு. வண்டி கடைசி நிறுத்தம் வந்து சேர்ந்தது.

கூட்டம் இறங்கியதும் அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஆளை நடக்கவிட்ட வண்டிம்மா. மேடு ஏறாதுன்னுதான் எழுதணும்."

மாமா பயணச்சீட்டுக் கட்டையே எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்ததையே மறுபடி எண்ணினார். அக்கா வீட்டு அடுப்பு எரிவது மாமாவின் சம்பளத்தில்தான். அவள் சாப்பிடுவதும் அந்த வீட்டில்தான்.

"வண்டி மேல தப்பில்ல சார்" என்றாள். "வேண்டிய சார்ஜ் ஏறல. கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கழட்டியாச்சு. நேரம் வண்டியிலேயே பதிவாயிருக்கும், பாருங்க."

"யார் கழட்டினது?"

மாமா நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சாவிய அடுத்தவங்ககிட்ட குடுத்தது என் தப்பு சார்." திரையைப் பார்த்தபடியே சொன்னாள். "கழட்டினது எங்க மாமா."

அதிகாரி எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்தார். "நாளைக்கு முழு சார்ஜோட இன்னொரு தடவை பார்த்துடலாம்" என்றார்.

மாமா நடத்துநர் தோள்பையைக் கழற்றி அவள் இருக்கைக்குப் பின்னால் மாட்டினார். விசிலை எடுத்து அதன்மேல் வைத்தார். பிறகு படியிறங்கி நடந்தார்.