ஓடுங்க, அடிக்காது

பி.டி. மாஸ்டரின் மார்புத் தோலுக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருந்தது. இதயத் துடிப்பு தறிகெட்டுப் போனால் ஷாக் கொடுத்து ஆளைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. ஆனால் மாஸ்டர் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளோடு ஓடியபோது, ஓட்டத்தால் வந்த நல்ல துடிப்பையே ஆபத்து என்று நினைத்து ஓங்கி ஒரு அடி கொடுத்துவிட்டது அந்த மகராசன் கருவி. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. தைரியம்தான் போய்விட்டது.

அன்றிலிருந்து மனிதர் மாடிப்படியைக் கண்டாலே பம்மினார். பஸ் கண்டக்டரான அவர் மனைவியோ, நெரிசலில் பின்படிக்கட்டு வரை கேட்கும் தன் குரலை வீட்டில் அடக்கி வாசித்தாள். சண்டை போட்டால் அவருக்கு நெஞ்சு படபடக்கும், படபடத்தால் அந்தச் சனியன் அடிக்கும். சண்டையில்லாத வீடு அவளுக்கு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. வாய்க்கு வாய் பேசும் தன் புருஷன் திரும்பி வர வேண்டுமென்று ஏங்கினாள்.

டாக்டர் கருவியின் அமைப்பை மாற்றினார். "இனிமே வேகத்த மட்டும் பாத்து அவசரப்படாது. நல்ல துடிப்பா, கெட்ட துடிப்பான்னு பாத்துட்டு, கொஞ்சம் பொறுத்துதான் அடிக்கும். ஓடிக் காட்டுங்க, நாங்க பக்கத்துலயே இருக்கோம்."

டிரெட்மில்லில் ஏறிய மாஸ்டர், பெல்ட் சற்றே வேகமெடுத்ததும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "போதும்மா, நிறுத்து!" மறுபடி ஏற்றினார்கள். அதே கதைதான்.

"அன்னிக்கு ஷாக் அடிச்சப்ப இருந்த துடிப்பு அளவைத் தாண்டினாத்தான் சார், இப்ப அடிக்காதுன்னு தெரியும்" என்றாள் டிரெட்மில்லை இயக்கிய டெக்னீஷியன்.

"மைதானமே வேண்டாம்மா. ஆபீஸ்ல பேப்பர் அடுக்கிட்டு இருக்கேன்."

ஓரமாக நின்றிருந்த மனைவி டிரெட்மில் பக்கத்தில் வந்து நின்றாள். இன்று இறங்கினால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் ஓட மாட்டார்.

"ஒரு உண்மையச் சொல்லட்டுமா?" என்றாள். "ஓடற பஸ்ஸப் பிடிச்சுத்தான் என்னையும் பிடிச்சேன்னு ஊரெல்லாம் பீத்திக்கறீங்களே, அன்னிக்கு நீங்க பிடிக்கவே இல்ல. நான்தான் விசில் அடிச்சு வண்டிய நிறுத்தினேன்."

"பொய்!"

"அது ஓட்டமா? வாத்து நடந்து வந்த மாதிரி இருந்தது."

"வாத்தா? தாவி ஏறினேண்டி! வேகத்தக் கூட்டும்மா!"

பெல்ட் ஓடியது, மாஸ்டர் ஓடினார், வாயும் ஓடியது. கம்பியைப் பிடித்திருந்த அவர் கைமேல் அவள் தன் கையை வைத்துக்கொண்டாள். அடித்தால் தனக்கும் தெரியட்டும் என்று நினைத்தாள். அந்தப் பயத்திலும் ஏசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"தாண்டியாச்சு" என்றாள் டெக்னீஷியன் மெதுவாக. கருவி சும்மா இருந்தது.

பெல்ட் நின்றது. மாஸ்டருக்கு வியர்வை சொட்டியது. "நெஜமாவே நிறுத்தினியா?"

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "நிறுத்தினேன். உங்கள விட்டுட்டுப் போக மனசு வரல." சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவர் துண்டை எடுத்து முதலில் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார். "சரி, அந்த வாத்து?"

"அதுவும் நெஜம்தான்."

மாஸ்டர் டெக்னீஷியன் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு தடவ போடும்மா. இவளுக்குக் காட்டறேன்."