இன்டர்ன் என்ற சொல்லும் என் தங்கையின் மூச்சும்

என் தங்கையின் மூச்சு ஒரு சின்னப் பெண்ணின் கையில் இருந்தது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கையில். தோட்டத்தில் களை பிடுங்கும்போது தங்கையைப் பாம்பு கடித்து, விஷம் அவள் தசைகளையெல்லாம் கட்டிப் போட்டிருந்தது. மருந்து ஏற்றியாயிற்று. அது வேலை செய்யும் வரை யாராவது மூச்சுக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் மூச்சு இயந்திரம் ஒன்றுகூடக் காலியில்லை. அதனால் அந்தப் பெண் கட்டிலின் தலைமாட்டில் நின்று, தொண்டைக் குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கி அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையைப் படித்ததும் எனக்குச் சுரீரென்றது. இன்டர்ன் என்று போட்டிருந்தது.

“கத்துக்குட்டி கையிலயா குடுத்துட்டுப் போயிருக்காங்க? பெரிய டாக்டர் எங்கம்மா?”

“ஆபரேஷன்ல இருக்காரு சார். திட்டுறதா இருந்தா கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க. இவங்களுக்குக் காது கேக்குது.”

தூக்கிவாரிப் போட்டது. “மயக்கத்துல இல்லையா?”

“முழிச்சுதான் இருக்காங்க. கண்ணைத் திறக்க முடியல, அவ்வளவுதான். பயந்துபோயிருப்பாங்க. ஏதாவது பேசுங்க.”

நான் பேசுவதா! எங்கள் வீட்டில் பேச்சு மொத்தமும் அவள் குத்தகை. அகராதி அலுவலகத்தில் சொற்களின் பிறப்பைத் தோண்டிப் பிழைக்கிற எனக்கு, சொந்தத் தங்கையிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணில் பட்டது அந்த அட்டைதான்.

“ஏ வாயாடி, கேக்குதா? உன்னைப் பாத்துக்கிறவங்க இன்டர்ன். உள்ளேன்னு அர்த்தம் வர்ற லத்தீன் சொல்லுல பொறந்தது. பிரெஞ்சுக்காரங்க டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு வெச்ச பேரு. ஆஸ்பத்திரிக்குள்ளயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கி, நோயாளிங்களைப் பாத்துக்கிட்டவங்க. வெளியில இருந்து வந்துட்டுப் போறவங்களுக்கு எக்ஸ்டர்ன்னு வேற பேரு.”

“அப்படியா சார்? எனக்கே தெரியாது,” என்று அந்தப் பெண் சிரித்தாள். “நானும் நேத்துல இருந்து வீட்டுக்குப் போகல.”

எங்கள் அகராதியில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் எழுதியவன் நான்தான். ‘பயிற்சி நிலையில் இருப்பவர்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். இப்போது அவளைப் பார்த்தேன். தான் மூச்சை இழுக்கும்போது பையை அமுக்கினாள், மூச்சை விடும்போது பையை விட்டாள். தன் மூச்சையே அளவாக வைத்து என் தங்கைக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. கும்பிடத் தோன்றியது, வெட்கமாகவும் இருந்தது.

“சார், விரல் மரத்துப்போச்சு. நர்ஸம்மா அடுத்த கட்டில்காரரைப் பாத்துக்கிட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் பிடிக்கிறீங்களா? என்னைப் பாத்துக்கிட்டே, நான் மூச்சை இழுக்கறப்ப அமுக்குங்க, விடறப்ப விடுங்க. நான் பக்கத்துலதான் நிக்கறேன்.”

பையை வாங்கி அமுக்கினேன். தங்கையின் மார்பு எழுந்தது. விட்டேன், தாழ்ந்தது. அம்மாடி! இவ்வளவு பெரிய வேலையையா இவள் பிறந்த நாளிலிருந்து, தூக்கத்தில்கூட, சும்மா செய்துகொண்டிருந்தாள்? அமுக்கினேன், விட்டேன். ஊர், உலகம், அலுவலகம் எதுவும் நினைவில் இல்லை.

“நிறுத்துங்க!” என்றாள் அந்தப் பெண். “கையை எடுக்காதீங்க. அமுக்கவும் வேணாம்.”

என்ன தப்பு செய்தேன் என்று உயிரே போய்விட்டது. அவள் என் தங்கையின் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன்.

எழுந்தது. கொஞ்சமாக, தயங்கித் தயங்கி எழுந்தது. நான் அமுக்கவே இல்லை.