மாமியாருக்கு ஹாரன்

பஸ் ஓட்டுகிற எனக்குத் தள்ளுவண்டி என்றாலே எரிச்சல். ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டேன். இந்த வீராப்பெல்லாம் என் மாமியார் கடைத்தெரு வளைவில் பழச்சாறு வண்டி போடும்வரைதான்.

பெண் கொடுத்த மகராசியைப் பார்த்து எப்படி ஹாரன் அடிப்பது? கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் 'ம்', 'சரிங்க' தவிர நான் எதுவும் பேசியதில்லை. சாறு குடிப்பவர்கள் தங்கள் பைக்குகளை நகர்த்தும்வரை நல்ல பிள்ளையாகக் காத்திருப்பேன். அவரோ ஓடி வந்து ஜன்னல் வழியே ஒரு டம்ளரை நீட்டுவார். குடித்து முடிப்பதற்குள் பின்னால் தெருவே கத்தும்.

பஸ் நிற்கிறதே என்று ஆட்கள் அங்கேயே ஏற ஆரம்பித்தார்கள். காத்திருந்தவர்களுக்குத் தாகமெடுத்தது. கூட்டத்தைப் பார்த்து வேர்க்கடலைக்காரர் வந்தார், செல்போன் உறை விற்பவர் வந்தார், ஆட்டோக்களும் வந்து அடைத்துக்கொண்டன. என் மரியாதையில் ஒரு சந்தையே முளைத்துவிட்டது.

டெப்போ மேலாளர் கூப்பிட்டார். "இன்னைக்கும் லேட்னா, நாளையிலேர்ந்து ஸ்டியரிங்கை மறந்துடுங்க. பஸ் கழுவத்தான் போகணும்."

அன்றும் வளைவு அடைத்துக் கிடந்தது. கண்டக்டர் பின்னாலிருந்து, "அண்ணே, வேலையா மாமியாரா? முடிவு பண்ணுங்க!" என்றான்.

கண்ணை மூடிக்கொண்டு ஹாரனை அழுத்தினேன்.

மாமியார் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வழி வேணுமா?"

"லேட்டானா வேலை போயிடும் அத்தை."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன? தினமும் நின்னுட்டுப் போறீங்களே, என் கையால ஒரு வாய் குடிக்காம போக மாப்பிள்ளைக்கு மனசு வரலையாக்கும்னு நினைச்சேன். சந்துக்குள்ள நல்ல நிழலா இடம் கிடைச்சுது. உங்களுக்காகத்தான் வேணாம்னுட்டு இந்த வெயில்ல காயறேன்!"

சொல்லிவிட்டுத் திரும்பி ஒரே அதட்டல். "வண்டியை எடுங்கப்பா, எங்க மாப்பிள்ளை போகணும்!" பைக்குகள் சிதறின. தள்ளுவண்டி சந்துக்குள் போக, சந்தையும் அவர் பின்னாலேயே போயிற்று. நேரத்துக்கு டெப்போ போய்ச் சேர்ந்தேன்.

மறுநாள் வளைவு துடைத்துவிட்டாற்போல் இருந்தது. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. சந்து முனையில் கால் தானாக பிரேக்கை மிதித்தது. லேசாக ஒரு ஹாரன் அடித்தேன்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"போங்க மாப்பிள்ளை, பின்னால வண்டி நிக்குதில்ல!"