கொஞ்சம் சீவி விடு

“இன்னும் எவ்வளவுதாம்பா சீவுறது? இருக்கிறதே ஒரு பிடி முடி,” என்று சொல்லிக்கொண்டே மூத்தவள் அப்பாவின் தலையில் சீப்பை இன்னொரு தடவை ஓட்டினாள்.

ஒரு பிடி என்றதுகூட மரியாதைக்குத்தான். காதுக்கு மேலே பஞ்சு ஒட்டினாற்போல் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். நடுவில் பளபளவென்று இழைத்த பலகை. அதற்குப் போய் ஒரு மாதமாக மனுஷர் காலையும் மாலையும் “கொஞ்சம் சீவி விடு” என்கிறார். நுரையீரல் கெட்டுப்போன ஆள். ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை, மிஞ்சினால் மூன்று. அந்த மூன்றையும் தலை சீவச் சொல்லியே செலவழிக்கிறாரே என்று அவளுக்கு ஆச்சரியம். நன்றாக நடமாடிய காலத்தில் கண்ணாடிப் பக்கமே போகாதவர்.

சீவி முடித்ததும் சீப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மூக்கில் செருகியிருந்த குழாய் ஆடும்படி சிரித்தார். உதடு ஒரு பக்கம் கோணிக்கொண்ட சிரிப்பு. பட்டறையில் யாராவது ஆணியை வளைத்து அடித்தால் அப்படித்தான் சிரிப்பார்.

“சரி, போ,” என்றார்.

அவள் போய்ச் சீப்பைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. மூச்சு இல்லை.

டாக்டர் வந்து பார்த்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி சின்னவன் ஆக்சிஜன் இயந்திரத்தை நிறுத்தினான். எட்டு மாதமாக ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது அடங்கியதும், வீட்டுக்குள் சுவர்க்கடிகாரம் ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அழுகை வரும் என்று மூத்தவள் காத்திருந்தாள். வந்தது பெருமூச்சு. அப்பாடா, இனி அவர் ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்ட வேண்டாம். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க அவள் மெனக்கெடவும் இல்லை.

அந்த நிம்மதிக்குப் பின்னால் இன்னொரு நிம்மதியும் ஒளிந்துகொண்டிருந்தது. அதுதான் கொஞ்சம் வெட்கக்கேடானது. கதவு விஷயம் அப்பாவுக்குத் தெரியாமலே போய்விட்டது.

அப்பாவைக் கதவுக்காரர் என்றால்தான் ஊரில் தெரியும். வாசல் கதவு மட்டும்தான் செய்வார். வீட்டைப் பார்த்து, வாசலை அளந்து, அந்த வாசலுக்கென்றே ஒரு கதவு. அலமாரி, கட்டில் என்று யாராவது கேட்டு வந்தால், “அதுக்கு வேற ஆளைப் பாருங்க” என்று டீ கொடுத்து அனுப்பிவிடுவார். மூத்தவளும் இருபது வருஷமாக அதே தொழில். வருஷத்துக்கு முப்பது நாற்பது வாசல் கதவு மாட்டுகிறவள்.

இந்த வீட்டு வாசல் கதவு, அப்பா தன் கல்யாணத்துக்காகச் செய்தது. சாத்தும்போது கடைசி ஒரு சாண் தூரம் படியில் ‘கிர்ர்’ என்று உரசி, ‘டொக்’ என்று உட்காரும். ஊரில் எந்தக் கதவு உரசினாலும் ஓடிப்போய்ச் சரிசெய்கிறவர், தன் கதவை மட்டும் யாரையும் தொடவிட மாட்டார். அம்மா முணுமுணுத்தால், “உரசல் இல்லடி, அது பேச்சு. யார் வந்தாலும் உனக்குச் சொல்லுதுல்ல?” என்பார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அடைமழை. கதவு ஊறிப்போய்ப் பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் உள்ளே வந்தாக வேண்டும். மூத்தவள் கதவைக் கழற்றிப் பின்கட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோனாள், அடியில் அரை விரல் அறுத்தெடுக்க. கழற்றிய கதவை மேசையில் கிடத்தினால் முதல் வேலையாக மேல்பக்கத்தில் பென்சிலால் ஒரு முக்கோணம் போட வேண்டும். அந்தப் பட்டறையின் சட்டம் அது. ஏனென்றால் படுத்த கதவுக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. அன்றைக்குப் பென்சிலை எடுக்கிற நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஓடினாள். சாயங்காலம் திரும்பி வந்தாள். மிஷினைப் போட்டாள். தலையை அறுத்துவிட்டாள்.

மாட்டிப் பார்த்தால், மேலே ஒரு விரல் நுழைகிற சந்து. கீழே அதே இறுக்கம். இருபது வருஷத் தொழில்காரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒட்டுப் போடலாம். ஆனால் ஒட்டுப் போட்ட கதவைக் கண்டாலே அப்பாவுக்கு ஆகாது. அதுவும் அவருடைய கல்யாணக் கதவில்!

ஆக, புதுக்கதவே செய்தாள். பதினோரு நாள். அதே ஜாதி மரம், அதே மாதிரி நாலு பலகை, பழைய கைப்பிடி, பழைய தாழ்ப்பாள். மாட்டும்போது கீல் பக்கத்து நிலைக்கால் ஒரு நூல் அளவு சாய்ந்திருப்பதைக் கவனித்தாள். வீடு பழசாகி மண்ணில் அமர்ந்ததில் சாய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அப்புறம்தான் கூத்து. கதவு உரசாமல் இருக்கப் பாடுபடுவதே தொழிலாக இருந்தவள், ஒரு கதவை உரச வைக்க உட்கார்ந்தாள். சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

“ம்ஹூம். இது தவளைச் சத்தம்க்கா. நம்மது இருமல்.”

இரண்டு நாள் சீவி, தேய்த்து, மறுபடி சீவி, இருமலைக் கொண்டுவந்தாள். பழைய கதவு பட்டறை மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் போனது. அப்பா வீட்டுக்கு வந்தார். கட்டிலிலிருந்து கதவு தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எட்டு மாதம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

பத்து மணியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கிர்ர், டொக். கிர்ர், டொக். அப்பாவிடம் கதவு வாங்கியவர்தான் முக்கால்வாசிப் பேர். வாத்தியார் ஒருவர் வாசலிலேயே நின்று கதவைத் தடவிக்கொடுத்தார்.

“அந்தக் காலத்துக் கை! இந்த மாதிரி இனிமே எவன் செய்வான்?” என்றார்.

செய்தவள் அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

மத்தியானத்துக்குள் காலையில் வந்த நிம்மதி புளித்துவிட்டது. தெரியாமலே போய்விட்டார் என்றால் என்ன அர்த்தம்? கடைசிவரை ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள் என்று அர்த்தம். மரத்தைத் தொட்டுப் பார்த்தே பொய் எது, மெய் எது என்று சொல்கிறவரை, தொட முடியாமல் படுத்திருந்தார் என்ற தைரியத்தில் ஏமாற்றியாயிற்று. இனி யாரிடம் போய் ஒத்துக்கொள்வது?

அம்மா உள்ளறையில் அப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மூத்தவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அப்பாகிட்ட சொல்லியிருக்கணும்மா. கதவு விஷயம்.”

“எதைச் சொல்றது? அவருக்குத்தான் முதல் நாளே தெரியுமே.”

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“கொண்டாந்து படுக்க வச்சீங்க. நீயும் சின்னவனும் பெருமையாப் போய்க் கதவைச் சாத்தினீங்க. நான் தலையணையைச் சரிபண்ணிட்டிருக்கேன். என் கையைப் பிடிச்சு, ‘யார் கதவு?’ன்னாரு. நம்ம கதவுதாங்கன்னேன். ‘மரம் புதுசு’ன்னாரு. பழசுல பலகை தளர்ந்து போயிருந்துச்சாம். சாத்தினா டொக்குன்னு ஒண்ணு, பின்னாடியே சின்னதா இன்னொண்ணு கேக்குமாம். இதுல ஒண்ணுதானாம். எனக்கென்ன தெரியும், நான் என்னிக்கு எண்ணினேன்?”

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொல்லாதேன்னுட்டாரு. அவளா வந்து சொல்லட்டும்னாரு. நானும் ஜாடைமாடையா எத்தனை தடவை கேட்டிருப்பேன், கதவு எப்படிடி இருக்குன்னு. நீ ‘எந்தக் கதவு?’ம்ப.”

மூத்தவள் தரையைப் பார்த்தாள். “கோவமா இருந்தாராம்மா?”

“கோவமா? நீ சாயந்திரம் வேலைவிட்டு வந்து கதவைச் சாத்துவியே, அப்பக் கண்ணை மூடிக்கிட்டுச் சிரிப்பாரு. ‘வருது பாரு, என் தப்பு’ம்பாரு.”

“அவர் தப்பா? தலையை அறுத்தது நான்மா.”

“அட, அது உன் தப்பு. இது அவர் தப்பு.” அம்மா மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். “கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நிலை வச்சிருக்காரு. அவசரத்துல தூக்குக்குண்டு கட்டி நேர் பார்க்கல. கண்ணாலயே பார்த்து நிறுத்திட்டாரு. கீல் பக்கம் சாய்ஞ்சுபோச்சு, கதவு உரசிடுச்சு. இதை எங்கிட்ட எப்படி ஒத்துக்குவாரு, புதுமாப்பிள்ளை? முப்பத்தெட்டு வருஷம் ‘பேச்சு, பேச்சு’ன்னு என் காதுல பூ சுத்தியிருக்காரு மனுஷன்! போன மாசம்தான் வாயைத் திறந்தாரு, ரெண்டு ரெண்டு வார்த்தையா, ஒரு மத்தியானம் பூரா. ‘நல்ல கதவு. நல்ல கை. என் தப்பை ஏன் அதுல வச்சா? சீவச் சொல்லு’ன்னாரு. நீங்களே சொல்லிக்குங்கன்னேன். அதான் தினம் உங்கிட்ட சொன்னாரே.”

“எங்கிட்ட எப்பம்மா...” என்று ஆரம்பித்தாள்.

“கொஞ்சம் சீவி விடுன்னு சொல்லல?”

“தலையைன்னு நினைச்சேம்மா.”

“தலையில என்னடி இருக்கு, சீவுறதுக்கு!”

மூத்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. வெளியே ஆட்கள் இருக்கிறார்களே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகையும் அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டே வந்தது. அம்மா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

“நீதான் பார்த்தியேம்மா, நான் சீப்பை எடுத்துட்டு வர்றதை. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொல்ல வாயெடுத்தேன். சும்மா இருன்னு கண்ணைக் காட்டிட்டாரு. ரெண்டாவது நாளே, சீப்பு எங்கன்னு அவரே தேட ஆரம்பிச்சுட்டாரு.”

மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“வண்டி எத்தனை மணிக்கு?”

“நாலு மணின்னான் சின்னவன்.”

மூன்றுதான் ஆகியிருந்தது. பட்டறைக்குப் போய் மரம் சீவுகிற இழைப்புளியை எடுத்து வந்தாள். அவளுடையதை இல்லை, அப்பாவுடையதை. சின்னவனிடம் இரண்டு வரியில் விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயைப் பிளந்தான்.

“நாம போட்ட நாடகத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருந்தாராக்கா?”

“பேசாம பிடிடா அந்தப் பக்கம்.”

இரண்டு பேருமாகக் கீலின் கம்பிகளை உருவிக் கதவைக் கழற்றினார்கள். வாசலில் நாற்காலிகளை ஒதுக்கி, இரண்டு ஸ்டூலின் மேல் கிடத்தினார்கள். மூத்தவள் முதல் வேலையாகக் காதிலிருந்து பென்சிலை எடுத்து, மேல்பக்கத்தில் ஒரு முக்கோணம் போட்டாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

எதிர்வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. “என்னம்மா இது, செத்த வீட்டுல தச்சு வேலை? ஒரு நாள் பொறுக்கக்கூடாதா?”

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. “அவர் சொல்லிட்டுப் போன வேலைங்க. ஏற்கெனவே ஒரு மாசம் லேட்டு.”

அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்? வாத்தியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து நின்றார். இழைப்புளி ஓடியது. எட்டு மாதத்துக்கு முன்னால் அரும்பாடுபட்டு வைத்த உரசல் சுருள் சுருளாகக் கழன்று படியில் விழுந்தது. நாலு இழுப்பு, கையால் ஒரு தடவல், இன்னும் இரண்டு இழுப்பு. சாய்ந்த நிலைக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டுமோ அவ்வளவு. கதவைத் திரும்ப மாட்டி, நிலையில் அது வந்து முட்டுகிற இடத்தில் மெல்லிய தோல்பட்டை ஒன்றும் ஒட்டினாள், டொக்கும் வேண்டாம் என்று.

நாலு மணிக்கு வண்டி வந்தது. சின்னவனும் மூன்று பேரும் தூக்கினார்கள். வாசல் முழுசாகத் திறந்து வழிவிட்டது. எங்கேயும் இடிக்கவில்லை. திருப்புவதற்காக ஒரு நொடி வாசலில் நின்றபோது மூத்தவள் குனிந்து, அப்பாவின் காதோரத்து முடியை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. சின்னவன் கடன்வாங்கிய நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கப் போனான். அம்மா முன்னறையில், கட்டில் எடுத்துவிட்ட இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூத்தவள் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

“கதவைச் சாத்துடி, கொசு வரும்,” என்றாள் அம்மா.

“சாத்திட்டேம்மா.”

அம்மா தலையைத் திருப்பி வாசல் பக்கம் பார்த்தாள். நம்பிக்கை இல்லாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். சாத்தித்தான் இருந்தது.

“எங்க, இன்னொரு தடவை சாத்து,” என்றாள்.

மூத்தவள் கதவை அகலத் திறந்து, மறுபடி சாத்தினாள்.